நனைந்த ஷூவுக்கு டிரம் வாசித்தவன்

உட்காருங்க அண்ணாச்சி. அந்த ஸ்டூல் வேண்டாம், அது டிரம்மோட சேர்ந்தது. இந்த நாற்காலியில உட்காருங்க. வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லிட்டியளா? சரி. டிரைவர் நிக்கட்டும், அவங்களுக்கு அதுதானே பிழைப்பு. சாயர்புரத்துல இருந்து இதுக்குன்னே வந்திருக்கிய, எனக்குத் தெரியாமல் இல்லை. உங்க சபை வாலிபர்களுக்கு டிரம் வேணும். போன்ல படத்தைப் பார்த்திய, என் வீட்டுக்காரிகிட்டப் பேசி முடிச்சிட்டிய. எல்லாம் சரிதான். ஆனால் எதைக் கொண்டு போறோம்னு தெரிஞ்சு கொண்டு போகணும் இல்லையா? பால் மாடு பிடிக்கிறவன்கூட எத்தனாவது ஈத்துன்னு கேட்டுட்டுத்தான் கயிற்றைத் தொடுவான்.

இந்தப் பெரிய டிரம்மோட முகத்துல எழுதியிருக்கே, அது சீன எழுத்து இல்லை. வாரவங்க எல்லாம் சீனாவான்னுதான் கேக்காங்க. ஜப்பான் எழுத்து. 'நுரெத்தா குத்சு'. நம்ம பேச்சுல நனைஞ்ச ஷூ. ஒரு ராக் பேண்டோட பேர் அது. சிரிக்காதிய. என் பொண்டாட்டி பெனிட்டா தினம் சிரிக்கா. "நனைஞ்ச செருப்பை எவனாவது நடுவீட்டுல வைப்பானா அத்தான், வாசல்ல காயப் போடுவாங்க"ன்னு சொல்லுவா. அவளுக்கு இந்த இடம் வேணும். ரெண்டு தையல் மெஷின் போட்டு ஆள் வச்சுத் தைக்கணுமாம். நியாயம்தான். நான் வேண்டாம்னு சொல்லலை. ஒரே ஒரு கேள்விதான் அவகிட்டக் கேட்டேன்: இதைக் குடுத்துட்டா, அந்த பேண்டுக்காரங்க என்னைக் கூப்பிடுற அன்னைக்கு நான் எதுல கை பழகுவேன்? அடுப்படிக்குப் போயிட்டா. அடுத்த நாள் படம் எடுத்துப் போன்ல போட்டுட்டா.

ராக்னா நீங்க நினைக்கிற மாதிரித் தலையைச் சிலுப்பிட்டுக் கத்துறது இல்லை. இது வேற தினுசு. சத்தமா ஆரம்பிக்கும், நடுவுல ஒண்ணுமே இல்லாமப் போகும், கரண்டு போயிட்டோன்னு நினைப்பிய, அப்போ கூரை இடிஞ்சு விழுற மாதிரித் திரும்ப வரும். பாட்டுல காதலே கிடையாது. 'மழை பெய்யுது, துவைச்ச சட்டை காயலை, பக்கத்து வீட்டுல யாரோ இருமுதாங்க.' இவ்வளவுதான் பாட்டு. எழுதினது சாயோ. கிட்டாரும் அவதான், பாட்டும் அவதான். பகல்ல சலவைக் கடையில வேலை, அதான் சட்டை சட்டையா எழுதுவா. இன்னொருத்தன் தொகாஷி. பேஸ் கிட்டார். பேசவே மாட்டான். வாயில கொழுக்கட்டை வச்சிருக்கியாலேன்னு நான் தமிழ்ல கேப்பேன், அதுக்கும் தலையைக் குனிஞ்சு கும்பிடுவான்.

நான் அங்க போனது சமையல்காரனா. டோக்கியோவுல கோயென்ஜின்னு ஒரு பகுதி, அங்க இந்தியச் சாப்பாட்டுக் கடை. முதலாளி பஞ்சாபி. பாளையங்கோட்டைக்காரன் ஜப்பான்ல போயித் தந்தூரி அடுப்புல ரொட்டி தட்டினேன் பார்த்துக்கிடுங்க. கடைக்குக் கீழே, பூமிக்கு அடியில, ஒரு ஒத்திகை ரூம். மேலே இருந்து குழம்பு கொண்டு போய்க் குடுப்பேன். ஒருநாள் போறேன், இவங்க ரெண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. டிரம் சும்மா கிடக்கு. வாசிச்சுட்டு இருந்தவன் அப்பாவோட பாய் முடையிற கடையைப் பார்க்கப் போயிட்டானாம். எனக்குக் கை சும்மா இருக்குமா? எங்க சபைப் பாடகர் குழுவுல மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே டிரம்ல உட்கார்ந்தவன் நான். குழம்பைக் கீழே வச்சேன், குச்சியை எடுத்தேன், கிறிஸ்மஸ் கீர்த்தனைக்கு வாசிக்கிறதை வாசிச்சேன். சாயோ திரும்பிப் பார்த்தா. அப்புறம் கிட்டாரை எடுத்து அது மேலேயே அவ பாட்டைப் பாடினா. குழம்பு ஆறிப் போச்சு. ஒருத்தரும் சாப்பிடலை.

அப்படித்தான் சேர்ந்தேன். என் முழுப் பேர் கிறிஸ்துதாஸ். அங்க தாசு-சான்; பேரோட சான் சேர்த்தா மரியாதை.

இப்போ ஒரு விஷயம் சொல்லுதேன், இது உங்களுக்குத்தான் புரியும். பாடகர் குழுச் செயலாளர் நீங்க. சபையார் இழுப்பாங்களா இல்லையா? முன் பெஞ்சுப் பெரியவங்க சரணத்தோட கடைசி வார்த்தையை விடவே மாட்டாங்க. டிரம்காரன் அவன்பாட்டுக்குப் போனான்னு வைங்க, அவன் ஆமென்ல நிப்பான், சபை மூணாம் சரணத்துல நிக்கும். அதனால நின்னு, எல்லாரும் வந்தாச்சான்னு பார்த்து, கூட்டிட்டுப் போகணும். இது எனக்கு ரத்தத்துல ஊறினது. சாயோவும் சரணம் முடியும்போது பிந்துவா. அதிகம் இல்லை, ஒரு மூச்சு. நான் நிப்பேன். வந்து சேர்ந்துக்கிடுவா. தொகாஷியும் அப்படித்தான், என்னைப் பார்த்துக்கிட்டே இருப்பான், நான் நின்னா நிப்பான். ரெண்டு பேரையும் ரெண்டு கையில பிடிச்சு ரோட்டைக் கடக்க வைக்கிற மாதிரித்தான் அந்த பேண்டை நான் நடத்தினேன்.

முதல்ல வாசிச்ச இடம் ஒரு சின்னக் கூடம். லைவ் ஹவுஸ்னு சொல்லுவாங்க. ஒரே நாள்ல நாலஞ்சு பேண்டு வந்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் வாசிக்கும். கேக்க வந்தவங்க கையைக் கட்டிட்டு நிக்காங்க. ஆட்டம் இல்லை, கத்தல் இல்லை. பாட்டு முடிஞ்சாத்தான் கை தட்டுதாங்க. எனக்குப் பயமாப் போச்சு. அப்புறம் யோசிச்சேன், இது நம்ம கோயில்தானே, இதுல என்ன பயம்! அன்னைக்கு ஒரு சின்னப் பத்திரிகைக்காரர் வந்திருந்தாரு. 'மழையில ஒதுங்கி ஒதுங்கி நடக்கிற ஆளைப் போல இருக்கு இந்த இசை'ன்னு எழுதினாரு. சாயோ அதை வாசிச்சுக் காட்டி என்னைப் பார்த்துச் சிரிச்சா. நிஜமான சிரிப்பு அண்ணாச்சி. அதை நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

அங்க ஒரு வழக்கம் உண்டு. வாசிச்சு முடிச்சதும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. நூடுல்ஸ் கடையில உட்கார்ந்து 'ஹான்செய்காய்' நடத்துவாங்க. அவனவன் தன் தப்பைத் தானே சொல்லுற கூட்டம். நம்ம கோயில்ல பாவ அறிக்கை சொல்லுவோமே, அது மாதிரி; ஆனால் நாம எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சுல சொல்லிட்டு உட்கார்ந்திருவோம், யார் என்ன பாவம் செஞ்சான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். அங்க அப்படி இல்லை, ஒவ்வொருத்தரா. முதல்ல சாயோ: "இன்னைக்கு நான் பிந்திட்டேன். மன்னிக்கணும்." அடுத்து தொகாஷி, அந்த ஒரு வேளை வாயைத் திறப்பான்: "நான் முந்தி ஓடிட்டேன். எல்லாரையும் குழப்பிட்டேன். மன்னிக்கணும்." அப்புறம் ரெண்டு பேரும் என்னைப் பார்ப்பாங்க. ரொம்ப நேரம் பார்ப்பாங்க. நான் யோசிச்சுப் பார்ப்பேன். செய்யாத தப்பைச் செஞ்சேன்னு சொல்ல முடியுமா? "என் மேல ஒண்ணும் இல்லை. நீங்க வருத்தப்படாதிய, போகப் போகச் சரியாகும்"ன்னு சொல்லுவேன். ரெண்டு பேரும் குனிஞ்சு கும்பிடுவாங்க. அவ்வளவு மரியாதை!

இப்படியே ஊர் ஊராப் போனோம். முதல்ல வந்த கூட்டத்தை எண்ண விரல் போதும். அப்புறம் கூடம் நிறைஞ்சுது. வெளியே நின்னு கேட்டாங்க. ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர் வந்தாரு. கறுப்புச் சட்டை, மெல்லிசான ஆளு. ஆல்பம் போடுவோம்னாரு. சாயோ அன்னைக்கு அழுதா. தொகாஷி கடை வாசல்ல போய் ஆகாயத்தைப் பார்த்துட்டு வந்தான்.

ரெக்கார்டிங்னா கண்ணாடி அறை. என் காதுல ஒண்ணை மாட்டிவிட்டாங்க. உள்ளே டக் டக் டக்குன்னு கடிகாரம் மாதிரி ஒரு சத்தம். அதுக்குச் சரியா வாசிக்கணுமாம். நான் கேட்டேன், மனுஷன் பாடுற பாட்டுக்கு எதுக்குக் கடிகாரம்? அது யாருக்காவது நிக்குமா? சாயோ பிந்தினா அது என்ன செய்யும்? கம்பெனிக்காரர் சிரிச்சாரு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வாசிச்சேன். திரும்பத் திரும்ப, அதே பாட்டு. ஒவ்வொரு தடவையும் சாயோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, "என் பாட்டுதான் சரியா வரலை, இன்னொரு தடவை"ம்பா. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமா இருந்தது. கடைசியில கம்பெனிக்காரர் வந்து, "தாசு-சான், ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கிடுதோம்"னாரு. பார்த்தியளா? ஒரே நாள்ல என் வேலை முடிஞ்சுது. அவங்க ரெண்டு பேருக்கும் முடியலை, வாரக் கணக்கா அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே கிடந்தாங்க. நான் கடையில ரொட்டி தட்டிட்டு இருந்தேன்.

ஆல்பம் வந்தது. அட்டையில என் பேர் இருக்கு, எடுத்துக் காட்டட்டுமா? டிரம், கிறிஸ்துதாஸ். போட்டுக் கேட்டா, அப்படி ஒரு சுத்தம் அண்ணாச்சி. ஒரு பிசிறு இல்லை. நான் வாசிச்சதுன்னு எனக்கே அடையாளம் தெரியலை. சில இடத்துல நான் வாசிக்காத அடியெல்லாம்கூட விழுது. அந்த மெஷின் மனசுக்குள்ள இருக்கிறதையும் எடுத்திரும் போல!

ஆனால் அதுக்கப்புறம்தான் இறங்குமுகம். ஏன்னு இன்னைக்கு வரை எனக்குப் பிடிபடலை. ஆல்பத்தோட ஒரு சுற்று போனோம். சென்டாய், நகோயா, ஒசாகா. ஆல்பத்தைக் கேட்டுட்டு வந்த கூட்டம். பாட்டு ஆரம்பிச்சதும் தலையை ஆட்டுவாங்க. சரணத்துக்கு வரும்போது அப்படியே ஆட்டுறதை நிறுத்திடுவாங்க. அவ்வளவு உன்னிப்பு! அடுத்த ஊர்ல கூட்டம் குறைஞ்சுது. அதுக்கு அடுத்த ஊர்ல பாதிக் கூடம் காலி. வேன்ல சாயோ ஜன்னல் பக்கம் திரும்பிட்டு அழுதா. நான் பின் சீட்டுல இருந்து, "சாயோ-சான், பிந்துறதை நினைச்சு அழாதே. எவ்வளவு பிந்தினாலும் நான் இருக்கேன்ல, விட்டுட்டுப் போயிருவேனா?"ன்னேன். எனக்குத் தெரிஞ்ச ஜப்பான் பாஷையை எல்லாம் கூட்டி, நல்லா விளக்கமாச் சொன்னேன். தொகாஷி வண்டியை ஓரமா நிறுத்திட்டு இறங்கிப் போனான். சிகரெட்டுக்குன்னு நினைச்சேன். அவன் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை. சும்மா ஒரு வயல் பக்கம் நின்னுட்டு வந்தான்.

அந்தச் சுற்று முடிஞ்சதும் ஒரு கூட்டம். கம்பெனிக்காரரும் வந்தாரு. சாயோ எழுந்து நின்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சா. "எல்லாம் என் திறமைக் குறைவு. நுரெத்தா குத்சு கொஞ்ச காலம் ஓய்வு எடுக்கும்." எப்போ மறுபடின்னு கேட்டேன். "நேரம் கூடி வரும்போது"ன்னா. தொகாஷி தலையைத் தூக்கவே இல்லை. கடைசியா ஒருநாள் வாசிச்சோம், அன்னைக்குக் கூடம் நிறைஞ்சுது, எல்லாரும் அழுதாங்க. நான் மட்டும் அழலை. ஓய்வுதானே, அதுக்கு எதுக்கு அழணும்? ரொட்டிக் கடை முதலாளிகிட்டச் சொன்னேன். அந்தப் பஞ்சாபி, "தாஸ், இவங்க எதையும் முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டாங்க. ஓய்வுன்னா போச்சுன்னு நினைச்சுக்கோ"ன்னாரு. அவருக்கு சங்கீதத்தைப் பத்தி என்ன தெரியும்?

என் விசாவும் முடிஞ்சுது. ஊருக்குக் கிளம்புதேன்னு சொன்னப்போ, அவங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சாங்க தெரியுமா? இந்த டிரம் செட்டை, அவங்க சேர்ந்து வாங்கினது, நான் தொடர்ந்து வாசிச்சது, இதைத் துண்டு துண்டாக் கழற்றி, பழைய சட்டைகளைச் சுற்றி, பெட்டி கட்டிக் கப்பல்ல ஏற்றி எனக்கு அனுப்பினாங்க. இப்போ நீங்களே சொல்லுங்க. வேண்டாத ஆளுக்கு எவனாவது டிரம் அனுப்புவானா? கை ஆறிடக் கூடாதுன்னுதானே அனுப்பியிருக்காங்க?

நானும் ஆறவிடலை. பெரிய ஹோட்டல்ல சமையலுக்குக் கூப்பிட்டாங்க. ஒப்பந்தம் போடச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன். நடுவுல கூப்பிட்டா எப்படிப் போறது? கல்யாண வீடு, ஞானஸ்நான வீடுன்னு அன்னைக்கன்னைக்கு வேலைதான் பார்க்கேன். பெனிட்டாதான் தையல்ல வீட்டை ஓட்டுதா. புது வருஷத்துக்கு சாயோ ஒரு வாழ்த்து அனுப்பினா, 'உடம்பைப் பார்த்துக்கோங்க'ன்னு. ஏன் அப்படி எழுதணும்? உடம்பு நல்லா இருந்தாத்தானே வாசிக்க முடியும்! பெனிட்டா சொல்லுதா, "அதை எல்லாரும் எல்லாருக்கும் எழுதுவாங்க அத்தான். என் அக்காகூட எழுதுதா. உங்களை டிரம் வாசிக்கவா கூப்பிடுதா?" அப்புறம் வாழ்த்து வரலை. நம்பர் மாறியிருக்கும்.

ஏட்டி பெனிட்டா, காப்பி கொண்டு வா. கேட்டியளா என்ன சொல்லுதான்னு? "கதை சொல்லியே ஆளை விரட்டிருவாரு அண்ணாச்சி, முந்தி வந்தவங்களும் காப்பியைக் குடிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. நீங்க டிரம்மைத் தூக்குங்க, கதை தானே நின்னுரும்." நான் யாரை விரட்டினேன்? அவங்களே, "இவ்வளவு ஆசையா வச்சிருக்கிய, எங்களுக்கு வேண்டாம்"னு போனாங்க. நல்ல மனுஷங்க.

நீங்க என்ன அண்ணாச்சி, போன்லயே குனிஞ்சு இருக்கிய? அவசரமா? என்னது, பேரைப் போட்டுத் தேடினியளா? அதுல பழைய பாட்டு வரும். நான் வாசிச்சது இருக்கான்னு பாருங்க. குடுங்க.

இது சாயோதான். முடியை வெட்டிட்டா. இது தொகாஷி, நல்லா சதை போட்டுட்டான் பயல். பின்னாடி டிரம்ல அந்த எழுத்து... நுரெத்தா குத்சுதான். எந்த வருஷம் இது? கீழே தேதி போட்டிருக்கும்... போன மாசமா? சரியாப் பாருங்க. போன மாசமா?

டிரம்ல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு.

இருக்கட்டும். நான் இல்லாதப்போ யாரையாவது உட்கார வைக்கத்தானே வேணும். கோயில்ல ஆயர் லீவுல போனா வேற ஆள் வந்து பிரசங்கம் பண்ணுறது இல்லையா. இது அந்தச் சட்டைப் பாட்டு. நல்லா கவனிங்க, இப்போ முதல் சரணம் முடியும், சாயோ பிந்துவா. அந்தப் பொண்ணுக்கு நிக்கத் தெரியாது, திணறப் போகுது பாருங்க. இந்தா, இந்த இடம்...

பிந்தலை.

ரெண்டாவதுல பிந்துவா. அதுதான் அவளுக்குக் கஷ்டம், மூச்சு வாங்கும். இந்தா.

இல்லை. இங்கேயும் பிந்தலை. அவ சரியா வந்து நிக்கா. தொகாஷி யாரையும் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிட்டு வாசிக்கான். உங்க போன் வேகமா ஓட்டுது அண்ணாச்சி. நெட்டு கூடுனா அப்படி ஓட்டும். மறுபடியும் முதல்ல இருந்து போடுங்க. சத்தத்தைக் கூட்டுங்க. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க, குச்சி எங்கே? நான் கூடவே வாசிச்சுக் காட்டுதேன், அப்போ தெரியும் உங்களுக்கு. ம், போடுங்க.

...

இன்னொரு தடவை.

...

ஏட்டி, ஏன் வாசல்ல நிக்க? காப்பியை வச்சுட்டு இங்க வா. நீயும் பாடகர் குழுவுல இருந்தவதானே. இவர் மரியாதைக்குச் சொல்ல மாட்டாரு, நீ சொல்லு. நான் எங்கே இருக்கேன், அவங்க எங்கே இருக்காங்க?

நான் பின்னாடியா.

எப்பவுமேவா? இங்கே தனியா வாசிக்கும்போதுமா? நீ ஏன் ஒருநாளும்... சரி. சரி, விடு. அழாதே. நீ எதுக்கு அழுத?

போனை அணைங்க அண்ணாச்சி. அவங்க மன்னிப்புக் கேட்டாங்க. ஒவ்வொரு ஊர்லயும் கேட்டாங்க. நான் பரவாயில்லைன்னு சொன்னேன்.

சிம்பலை முதல்ல எடுங்க. மேலே திருகு இருக்கு, இடப் பக்கமாத் திருப்புங்க, வலுவா இழுக்காதிய. சின்ன டிரம் கனமில்லை, ஒரு ஆள் போதும். ஸ்டூலும் உங்களுக்குத்தான், விட்டுட்டுப் போயிராதிய. டிரைவரைக் கூப்பிடுங்க, ஒரு பக்கம் பிடிக்கட்டும், மறுபக்கம் நான் பிடிக்கேன்.

பெனிட்டா, கதவைத் திற. ஒண்ணு போதாது, தாழ்ப்பாளை எடுத்துட்டு அந்தக் கதவையும் திற. பெரிய டிரம் ஒரு கதவுல போகாது.